வெள்ளிக் கோட்டின் நுனி

கம்பி கட்டும் வேலையை அவள் எவரிடமும் ஒப்படைத்ததில்லை. தலைமயிரினும் சற்றே தடித்த அந்தச் செப்புக் கம்பியைக் காந்தத்தின் ஒரு வாயில் நுழைத்து, மறு வாயில் பிடித்திழுத்து, தொய்வும் விழாமல் அறுந்தும் போகாமல் நட்ட நடுவில் நிறுத்துவதற்குக் கையில் பொறுமையும் மூச்சில் அடக்கமும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கம்பியம்மா என்று பெயர் விழுந்தது அதனால்தான். பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன். அவன் வெற்றிடப் பிரிவில் ஃபிட்டர். குழாய்களை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது அவன் தொழில். "காத்தை எடுக்கிற வேலையைத் தம்பி மொதல்ல தலையிலதான் பழகிக்கிட்டார்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இடையே இந்த வாய்ச்சண்டை ஒரு காலத்தில் ஓயாமல் நடந்தது. அவள் கணவர் படுக்கையில் விழுந்தபின் அது குறைந்து, இப்போது இருவரும் வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டுமே பேசினர்.

அன்று கம்பியைக் கட்டி முடித்து, கருவியை இயக்கி, திரையைப் பார்த்தவள் அசையாமல் நின்றாள்.

நிலத்துக்கடியில் அமைந்த பெரிய வளையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் துகள் கற்றையை, வேண்டிய கணத்தில் வெளியே தள்ளுவதற்கென ஒரு காந்தம் உண்டு. ஏட்டில் அதனை உதைகாந்தம் என்று எழுதுவர். வாயில் கிக்கர் என்பர். மற்றக் காந்தங்கள் யாவும் கற்றையை நாள் முழுதும் தாங்கிப் பிடிக்கும். இது மட்டும் சும்மா கிடந்து, இமைப்பொழுதில் ஒரே ஓர் உதை உதைத்துவிட்டு, மீண்டும் சும்மா கிடக்கும். ஆயினும் சும்மா கிடக்கும் காலத்தில்தான் அதற்குக் காய்ச்சல் காண்கிறது. கற்றை ஓடும்போது, சுவரோரமாக அதன் நிழலைப் போல ஒரு மின்னோட்டமும் கூடவே ஓடும். அந்த நிழலுக்குப் போக வழியில்லையெனில், அது கற்றையின் ஆற்றலைக் காந்தத்தின் கரிய ஃபெரைட் கட்டிகளுக்குள் இழுத்துச் சென்று வெப்பமாக்கிவிடும். இந்த இடைஞ்சலுக்கே இம்பீடன்ஸ் என்று பெயர். கட்டிகள் அளவு மீறிச் சூடேறினால் தம் காந்தத் தன்மையையே இழந்து நிற்கும். அப்போது உதை தளரும். தளர்ந்த உதை பட்ட கற்றை, போய்ச் சேர வேண்டிய குழிக்குப் போகாமல், எதிர்ப்பட்ட சுவரைத் துளைத்துவிடும்.

ஆகவே காந்தத்தின் நடுவில் ஒரு பீங்கான் குழாயைச் செருகி, அதன் மேல் நெடுக வெள்ளிப் பூச்சால் கோடு கோடாக வரைந்து சூளையில் சுடுவர். முழுவதும் பூசிவிட்டாலோ காந்தத்தின் உதை உள்ளே நுழையாது. கோடுகளாக இருந்தால் நிழலுக்கும் வழி உண்டு, உதைக்கும் இடம் உண்டு. வளையத்தில் இப்போதிருந்த பழைய கிக்கரில் கோடுகள் போதவில்லை. ஒவ்வொரு முறை ஓட்டியபின்னும் அது ஆறும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாகச் செய்த புதிய கிக்கர்தான் இப்போது அவள்முன் மேடைமேல் கிடந்தது. அதனுள்ளே இருந்த குழாய்க்குக் கோடு வரைந்தவர் அவள் கணவர். பக்கவாதம் தாக்குவதற்கு முன் அவர் கடைசியாக வரைந்த குழாய் அது.

கம்பி என்பது கற்றைக்குப் பதிலாள். கற்றை ஓடினால் என்ன நேரும் என்பதை, கம்பியில் மின் குறிப்பலையைச் செலுத்தி முன்கூட்டியே அறியலாம். ஒரு முனையில் அனுப்பியதில் எவ்வளவு மறுமுனைக்கு வந்து சேரவில்லையோ, அவ்வளவையும் காந்தம் விழுங்கிவிட்டது என்று பொருள். திரையில் அந்தக் கணக்கு ஒரு கோடாக நீளும். நல்ல காந்தமானால் கோடு ஏறக்குறைய மட்டமாகச் செல்லும். அன்று அவள் பார்த்த கோட்டில், ஓர் அதிர்வெண்ணில், கிணற்றைப் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"கம்பி சரியா நிக்கலையோ என்னவோ," என்றான் கொழுந்தன், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து.

"நின்னுச்சு."

"திரும்ப ஒரு தடவை கட்டிப் பாருங்க அண்ணி."

அவள் அவிழ்த்துக் கட்டினாள். பள்ளம் அங்கேயே இருந்தது.

"கம்பியே இந்த மாதிரி வேலை காட்டும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சில சமயம் காட்டும்."

"அப்ப அதுதான்," என்றான் அவன். அவன் குரலில் அறிவுரையைக் காட்டிலும் வேண்டுகோளே மிகுந்திருந்தது.

வளையப் பொறுப்பாளர் தேநீர்க் குவளையும் கையுமாக வந்தார். பருத்த உடம்பு, எதையும் கேலியாகச் சொல்லியே காரியத்தை முடித்துக்கொள்ளும் மனிதர்.

"என்ன கம்பியம்மா, உங்க கம்பி என்ன சொல்லுது? முகூர்த்தம் குறிக்கலாமா?"

"ஒரு பள்ளம் இருக்கு சார்."

"பள்ளம் இல்லாத ரோடு எங்கம்மா இருக்கு?" அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றித் திரையருகே குனிந்தார். "கற்றையோட அதிர்வெண் வரி இங்க விழுது. பள்ளம் இங்க இருக்கு. ரெண்டும் நேருக்கு நேர் முட்டிக்கலையே."

"இப்ப முட்டலை. சூடேறினா பள்ளம் நகரும்."

"எந்தப் பக்கம்?"

"அது தெரியாது சார்."

பொறுப்பாளர் நிமிர்ந்து குவளையைத் தடவினார். அவருக்கும் அது யார் கைவேலை என்று தெரியும். "நான் உங்களை அவசரப்படுத்தலை. நாளைக்குச் சாயங்காலம் சுரங்கத்தை மூடணும். நீங்க சரின்னா இது உள்ள போகும். இல்லைன்னா பழையதையே வெச்சுக்கிட்டு வருஷம் முழுக்க அதுக்கு விசிறி வீசிக்கிட்டு உக்காந்திருப்போம். வேண்டாம்னு ஆச்சுன்னா..." என்று வாயிற்பக்கம் பார்த்தார்.

வாயிலருகே சுவரில் ஓர் ஆணியில் சுத்தியல் ஒன்று தொங்கியது. நிராகரித்த குழாயை, நிராகரித்தவரே தம் கையால் உடைக்க வேண்டும் என்பது அக்கூடத்தின் வழக்கம். முன்னொரு காலத்தில், ஆகாதென்று ஒதுக்கி வைத்த குழாயொன்று அலமாரியிலிருந்து எவர் கையாலோ இறங்கி, நல்ல குழாய்களோடு கலந்து, வளையத்துக்குள்ளேயே போய்விட்டது. அதனால் நேர்ந்த சேதத்துக்குப் பிறகு பிறந்த வழக்கம் அது. ஒதுக்கி வைக்கலாகாது, உடைத்துவிட வேண்டும்.

அவள் அன்று செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று மீதமிருந்தது. கம்பியை நடுவிலிருந்து சற்றே நகர்த்தினால் உண்மை புலப்பட்டுவிடும். குற்றம் கம்பியினுடையதாயின் பள்ளமும் இடம் மாறும். காந்தத்தினுடையதாயின் பள்ளம் நின்ற இடத்திலேயே நின்று ஆழம் மட்டும் மாறும். அதற்கு அரைமணி நேரம் போதும். ஆயினும் அவள் கருவியை அணைத்து, கையுறைகளைக் கழற்றினாள். நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வெளியே அப்போது வெயில்கூட முற்றாகச் சாய்ந்திருக்கவில்லை.

வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. பகலில் கவனித்துக்கொள்ளும் செவிலி புறப்படுவதற்காகப் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கணவர் சன்னலோரக் கட்டிலில் தலையணைகளின்மேல் சாய்ந்திருந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலற்றுப் போயிருந்தது. சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும் என்று மருத்துவர் கூறியிருந்தார். திருப்பிச் சொல்லத்தான் வாய் வராது. ஆம் என்பதற்கும் அல்ல என்பதற்கும் ஒரே தலையாட்டல். இடக்கையில் பென்சிலைக் கொடுத்தும் பார்த்தார்கள். எழுத்துகள் அவரைவிட்டே அகன்றிருந்தன. கோடு மட்டுமே வந்தது. ஒரு கோட்டை நெடுக இழுப்பார். முடிவுக்குச் சற்று முன்னர் நிறுத்திவிடுவார். நுனியில் பென்சிலால் குத்துவார். பின் மீண்டும் ஒரு கோடு. "தொழில் மறக்கலை பாருங்க அண்ணி! எல்லாம் போனாலும் கோடு போகலை!" என்று கொழுந்தன் பூரித்துப் போனான்.

அவன்தான் நாள்தோறும் வேலை முடிந்து வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து செய்தி சொல்வான். குழாயைப் புதுக் கிக்கரில் பொருத்தியாயிற்று என்று ஒரு நாள்; சூடேற்றி வெற்றிடம் இழுத்தாயிற்று என்று இன்னொரு நாள். அவன் சொல்லச் சொல்ல அண்ணனின் கண்களிலிருந்து நீர் வழியும். இடக்கை போர்வையைக் கசக்கும். "அழாதீங்கண்ணா, சந்தோஷமான விஷயம்தானே," என்று துடைத்துவிடுவான். அந்தக் கண்ணீரைக் காண்பதற்காகவே அவன் நாளெல்லாம் காத்திருந்தான் என்றும் சொல்லலாம். நோயாளியின் முகத்தில் வேறு எதற்கும் அசைவு வருவதில்லை.

அன்றும் அவன் தொடங்கினான். "அண்ணா, நாளைக்கு உங்க குழாய் உள்ள போகுது. அண்ணி சரின்னு சொல்றதுதான் பாக்கி. சொல்லிடுவாங்க, இல்லையா அண்ணி?"

அவள் பாலில் குழைத்த ரொட்டியைக் கரண்டியில் எடுத்தவாறே, "பார்க்கலாம்," என்றாள். பிறகு கணவரின் முகத்தைக் கண்டு மனம் இளகி, "போயிடும்ங்க. நாளைக்குப் போயிடும். போதுமா?" என்றாள்.

அவர் இடக்கையை வீசினார். கிண்ணம் தெறித்துச் சுவரில் பட்டு உருண்டது. அவருடைய தொண்டையிலிருந்து ஓர் ஒலி எழுந்தது; பின் அவளுடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். பிடி வலித்தது.

"பொறுக்க முடியலை பாருங்க அவருக்கு," என்று சிரித்தான் தம்பி, தரையைத் துடைத்தபடி. "குழந்தை மாதிரி."

அவளும் சிரிக்க முயன்றாள். கையை விடுவித்துக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

மறுநாள் காலை கூடத்தில் வேறெவரும் வருமுன் அவள் வந்துவிட்டாள். சரி என்று ஒரு சொல் சொன்னால் யாரும் குறை கூறப்போவதில்லை. பள்ளம் வரியின்மேல் விழவில்லை என்று பொறுப்பாளரே வாய்திறந்து சொல்லியாயிற்று. இருந்தபோதிலும் அவள் கையுறைகளை அணிந்தாள். கம்பியை நடுவிலிருந்து இடப்பக்கம் சற்று நகர்த்தினாள். பள்ளம் இடம் மாறவில்லை, ஆழம் குறைந்தது. வலப்பக்கம் நகர்த்தினாள். பள்ளம் திரையின் அடிவரை இறங்கியது.

பின்னால் காலடியோசை கேட்டது. கொழுந்தன் திரையைப் பார்த்தான், பின் அவளைப் பார்த்தான்.

"வலப்பக்கம் ஏதோ ஒரு கோடு அறுந்திருக்கு," என்றாள் அவள். "வெளிய எடுக்கணும் தம்பி."

"எடுத்தா திரும்ப மாட்டி மூடுறதுக்கு நேரமே இல்லை அண்ணி."

"தெரியும்."

இருவரும் இரு முனைகளையும் பிடித்து, கைக்குழந்தையைத் தூக்குவது போலக் குழாயை உருவி, மெத்தை விரித்த மேசைமேல் கிடத்தினர். வெள்ளிக் கோடுகள் விளக்கொளியில் மின்னின. நூல் பிடித்தாற்போல அத்தனை நேர்த்தி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு குறையும் தென்படவில்லை. எஞ்சியது முனையைச் சுற்றியிருந்த உலோகப் பட்டைக்கு அடியிலிருந்த பகுதி மட்டும். கொழுந்தன் திருகுகளைத் தளர்த்திப் பட்டையைக் கழற்றினான்.

வலப்பக்கக் கோடொன்றின் நுனி ஈயம் போல மங்கியிருந்தது. சூளையில் வெந்த வெள்ளி பளபளக்கும். இது வேகாத வெள்ளி. சூளையிலிருந்து வந்தபின் மேலே தடவிய ஒட்டு. காந்தத்தைச் சூடேற்றியபோது அந்த ஒட்டு சுருங்கி, குறுக்கே வெடித்து, ஒரு பக்கம் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் பழைய கோடு தெரிந்தது. அது நேராக வந்து, பட்டையைத் தொடுவதற்கு முன்னர் ஒரு புறமாகச் சாய்ந்து, இழுபட்டு, நின்றுவிட்டது.

"அண்ணன் கோடு இல்லை இது," என்றான் கொழுந்தன் விரைந்து. "அண்ணன் கை சாயாது. வேற யாரோ தொட்டிருக்காங்க."

"உங்க அண்ணன் கைதான். பிரஷ் எடுத்த விதத்தைப் பாருங்க."

அவளுக்கு ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. இருவரும் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தனர். அவர் கண்ணாடிமுன் நின்று சட்டையின் பொத்தானோடு நெடுநேரம் போராடிவிட்டு, "இதைக் கொஞ்சம் போட்டுவிடேன்," என்றார். "ஏன், கை என்ன ஆச்சு? புது மாப்பிள்ளைன்னு நினைப்பா?" என்று அவள் சிரித்துக்கொண்டே போட்டுவிட்டாள். அவரும் சிரித்தார். அந்த வாரத்துக்குள்ளேயே அவர் விழுந்தார். நோய் அவர் கைக்கு முதன்முதலில் வந்தபோது வரைந்த கோடுதான் இப்போது மேசைமேல் கிடந்தது. இவ்வளவு மெல்லிய கோணலையும் காட்டிக்கொடுக்கும் கருவி அவள் பொறுப்பில் இருந்தது. ஆனால் அவருடைய சட்டைப் பொத்தானை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

"தம்பி, இந்தக் குழாய் எங்க இருந்துச்சு? நீங்கதானே எடுத்துட்டு வந்தீங்க?"

"அண்ணன் மேசையிலதான். மத்ததோட சேர்க்காம, துணி சுத்தி, தனியா ஓரமா வெச்சிருந்தார்." அவன் குரல் தயங்கியது. "ஸ்பெஷலா எடுத்து வெச்சிருக்கார்னு நினைச்சேன். அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அவர் திரும்பி வர்றதுக்குள்ள இதை மாட்டிடணும்னு நான்தான் ஓடி ஓடி..."

தாம் தடவிய ஒட்டைச் சுரண்டிவிட்டு மறுபடியும் வரைந்து சுட்டெடுக்கலாம் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார். உடைக்க மனம் வரவில்லை. தன் கை தவறியது என்று ஊரறியச் சுத்தியலை எடுக்க எவருக்குத்தான் மனம் வரும்? ஒரு வாரம் போதும், கை சரியாகிவிடும் என்று எண்ணியிருப்பார்.

"வேற குழாய் மாட்ட முடியாதா?"

"இத்தனை கோட்டோட வேற இல்லை. பழைய கிக்கரே ஓடட்டும்."

அவள் வாயிலருகே சென்று சுத்தியலை ஆணியிலிருந்து எடுத்தாள். கொழுந்தன் குழாயின்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டான்.

"அண்ணி, வேண்டாம். உடைக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியப்போகுது? நான் பத்திரமா வெச்சுக்கிறேன்."

"இப்படி ஒருத்தர் பத்திரமா வெச்சதுதான் இது. கையை எடுங்க."

"அண்ணன்கிட்ட என்ன சொல்வீங்க?"

அவள் சுத்தியலை ஓங்கினாள். அவன் கையை எடுத்தான். அவள் முதலில் தட்டியபோது பீங்கான் மணியோசை எழுப்பியதே அன்றி உடையவில்லை. இரண்டாவது அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டு உள்ளே வந்த பொறுப்பாளர், மேசையைப் பார்த்துவிட்டு, கேலி ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் சென்றார்.

மாலையில் படியேறும்போது கொழுந்தன் அவளை நிறுத்தினான். "உள்ள போயிடுச்சுன்னே சொல்லிடுறேன் அண்ணி. அவர் சுரங்கத்துக்குள்ள வந்து பார்க்கப்போறாரா? அந்தச் சந்தோஷமாவது இருக்கட்டும்."

அவள் மறுக்கவில்லை. அவ்வளவு களைத்திருந்தாள்.

அவன் கால்மாட்டில் அமர்ந்தான். "அண்ணா, வேலை முடிஞ்சுது. உங்க குழாய் உள்ள போயிடுச்சு. மூடி, பூட்டி, எல்லாம் ஆச்சு. இனிமே யாரும் தொட முடியாது."

நோயாளியின் கண்கள் விரிந்தன. கண்ணீர் பெருகியது. இடக்கை போர்வையைக் கசக்கிற்று. நாள்தோறும் கண்ட அதே முகம்தான். ஆயினும் அன்று அவள், திரையிலோடும் கோட்டைப் பார்க்கும் கண்ணோடு அந்த முகத்தைப் பார்த்தாள். இங்கேயும் பள்ளம் இடம் மாறவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் ஆழம்தான் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

"பொய்," என்றாள். "தம்பி சொல்றது பொய்ங்க. உள்ள போகலை. நான் உடைச்சிட்டேன்."

"அண்ணி!"

"என் கையாலயே உடைச்சேன். துண்டு துண்டா. இனி அது எங்கயும் போகாது."

கை போர்வையை விட்டது. அவர் அவளையே பார்த்திருந்தார். பின்பு இடக்கையின் சுட்டுவிரலால் விரிப்பின்மேல் ஒரு கோடு இழுத்தார்; முடிவுக்குச் சற்று முன் நிறுத்தினார்; அந்த நுனியில் விரலால் மெல்லத் தட்டினார்.

"ஆமா," என்றாள் அவள். "அந்த நுனிதான். பார்த்துட்டேன்."

அவர் கண்களை மூடினார். நெடுநாளாகத் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவர்போல மூச்சு நீண்டு வெளியேறியது. சிறிது நேரத்தில் உறங்கிவிட்டார். செவிலி ஊட்டிவிட்டுப் போகும் மாத்திரைகளுக்கும் வராத உறக்கம் அது.

கொழுந்தன் எழுந்து சமையலறைக்குச் சென்றான். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவுவதற்கு ஒன்றும் இல்லாத தொட்டியின்முன் நின்றான்.

"தினமும் வந்து சொன்னேனே அண்ணி," என்றான் திரும்பாமலே. "ஒரு நாள் விடாம வந்து வந்து சொன்னேனே. அழறதைப் பார்க்கிறதுக்காகவே சொன்னேனே."

"நானும்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"வேண்டாம், வேண்டாம்னு அவர் கத்தியிருக்கார். நான் துடைச்சு துடைச்சு விட்டிருக்கேன்."

அவள் எட்டித் தண்ணீரை நிறுத்தினாள். அவன் தோளைத் தொடலாமா என்று நினைத்து, தொடாமல், கட்டிலருகே திரும்பி வந்தாள். உறங்குபவரின் சட்டை கழுத்தை இறுக்கியிருந்தது. மேற்பொத்தானைக் கழற்றினாள், அவள் விரல்களுக்கு அது எளிதாக வந்தது. சன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. வளையத்தில் இந்நேரம் பழைய கிக்கரை வைத்தே சுரங்கத்தை மூடியிருப்பார்கள். நாளை முதல் அது சூடேறும்; ஆறும்; மறுபடியும் சூடேறும். அவர்கள் காத்திருக்க வேண்டும்.